உப்பில்லாத மீன் வாடை

தம்பி,

உன் வீட்டு ஏர்கோனில் இனி அந்த நாற்றம் வராது. போன செவ்வாய்க்கிழமை நீ வேலைக்குப் போயிருந்த நேரத்தில் நான் ரவாங்குக்கு வந்து பார்த்துச் சரி செய்துவிட்டுப் போனேன். இதைச் சொல்ல மட்டும் என்றால் மூன்று வரி போதும். கடையிலிருந்து போன் போட்டே சொல்லியிருப்பேன். ஆனால் உனக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம் நீளமானது. போனில், பின்னால் இரண்டு பேர் காத்து நிற்கும்போது, சொல்லக் கூடியதும் இல்லை. அதனால் எழுதுகிறேன். ஒரே மூச்சில் படித்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படி.

போன மாதம் நீ எழுதிய கடிதத்தை உன் அம்மாதான் முதலில் படித்தாள். "ஏர்கோன் நாறுகிறது நாறுகிறது என்று தனலெட்சுமி தினமும் சொல்கிறாள். எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. எல்லாம் மசக்கை. அம்மாவை ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தாய். அம்மா படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். மறுநாள் காலையில் நான் பசியாறிக்கொண்டிருக்கும்போது, "நீங்க போய்ப் பாருங்க. மருமகப் புள்ள சொல்றத முழுசா கேட்டுட்டு அப்புறமா மிசின தொறங்க" என்றாள். அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது. தெரியாமல் வைத்ததே நாங்கள்தான்.

உன் மூக்கின் மேல் எனக்குக் கோபமில்லை. நீ பெயிண்ட் தொழிற்சாலையில் நாள் முழுக்க தின்னர் வாடையில் நிற்கிறாய். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது உன் மூக்கு செத்துத்தான் வரும். என் மூக்கும் அப்படித்தான் போயிற்று. பதினெட்டு வருஷம் தோட்டத்து எஞ்சின் கொட்டகையில் டீசல் புகையைக் குடித்தவன் நான். இன்றைக்கும் அம்மா ரசத்துக்குத் தாளிப்பதைச் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறேன். மூக்கு போனது குற்றமில்லை. தனக்குத் தெரியாத வாடை உலகத்திலேயே இல்லை என்று நினைப்பதுதான் குற்றம். அந்தக் குற்றத்தை உனக்கு முன்னாலேயே நான் செய்துவிட்டேன், உன்னைவிடப் பெரிதாக.

நான் முதன்முதலில் ஏர்கோனைத் திறந்து பார்த்தது எண்பதாம் ஆண்டில், பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் நாம் இருந்த தோட்டத்தில், துரை பங்களாவில். சுவரில் ஓட்டை போட்டுப் பொருத்துகிற பெட்டி மாதிரியான பழைய மிசின். எஞ்சின் பார்க்கிறவனுக்கு இதுவும் தெரியும் என்று என்னை அனுப்பினார்கள். அதுவரை நான் குளிர் என்றால் மழையில் நனைந்த குளிரைத்தான் அறிந்தவன். நடுப்பகல் வெயிலில் குன்றேறிப் போய் அந்த அறைக் கதவைத் திறந்தபோது என் வியர்வை முதுகிலேயே நின்றுவிட்டது. ஒரு நிமிஷம் எதற்கு வந்தோம் என்பதையே மறந்துவிட்டேன். சன்னலுக்கு வெளியே செம்பனை மரங்கள் வெயிலில் வெந்துகொண்டிருக்கின்றன, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

மிசினுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டியது. ஒழுகுகிறது என்று நினைத்து ஒரு வாளியை வைத்தேன். சாயங்காலம் வந்து பார்த்தால் அரை வாளி நிறைந்திருக்கிறது! தண்ணீர்க் குழாய் எதுவும் அந்தப் பெட்டிக்குள் போகவில்லை. மறுநாள் பட்டணத்திலிருந்து வந்த மெக்கானிக்கிடம் கேட்டேன். அவர் சிரித்தார். "காத்துல இருக்கிற தண்ணிய்யா அது. குளிர்ற தகட்டுல பட்டு வேர்த்து வடியுது. நீ விடுற மூச்சு கூட அதுல இருக்கும்லா" என்றார். நான் வாளிக்குள் குனிந்து பார்த்தேன். தெளிந்த தண்ணீர். அந்த அறையில் இருந்தவர்கள் விட்ட மூச்சு, அவர்கள் துணியின் ஈரம், மேசைமேல் ஆறிய தேத்தண்ணீர் எல்லாம் அந்த வாளிக்குள் இருந்தன. அதைக் கீழே ஊற்ற எனக்கு மனம் வரவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

பிறகு துரை மூன்று மாத லீவில் போய்விட்டு வந்தார். மிசினைப் போட்டதும் ஈரக் காலுறையைப் பெட்டிக்குள் பூட்டிவைத்துத் திறந்த மாதிரி நாறுகிறது என்றார். மெக்கானிக் முன்மூடியைக் கழற்றினார். நான் டார்ச் அடித்தேன். மயிரிழை இடைவெளியில் அடுக்கிய அந்தத் தகடுகள் மேல், அடித்தட்டில் தேங்கிய தண்ணீரின் மேல், கறுப்பும் பச்சையுமாகப் பாசி படர்ந்திருந்தது. விரலால் தொட்டால் வழுக்கியது. ஒரு குளம் தம்பி. சுவரில் தொங்குகிற பெட்டிக்குள், எவரும் பார்க்காமல், மூன்று மாதத்தில் ஒரு குளம் உண்டாகியிருந்தது. அதன்மேல் பட்டு வந்த காற்றைத்தான் அந்த வீடு மூச்சு வாங்கியது. நாற்றம் என்பது மிசினின் கெட்ட குணம் இல்லை, அதற்குள் ஏதோ நடக்கிறது என்று நமக்கு வருகிற சேதி என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

மறு வருஷம் பங்களாவுக்குப் புது மிசின் வந்தது. பழையதைத் தூக்கிப் போடச் சொன்னார்கள். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அப்போது நாம் தோட்டத்து லயத்து வீட்டை விட்டுக் கோல சிலாங்கூரில், ஆற்றுக்குப் பக்கத்தில் அந்தப் பலகை வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். நான் மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். நீ கிள்ளானில் ஹாஸ்டலில் தங்கி ஐந்தாம் பாரம் படித்துக்கொண்டிருந்தாய். உன் தங்கச்சி கோமதிக்கு நாலு வயது. வேர்க்குருவால் உடம்பெல்லாம் சொறிந்துகொண்டு பகலில் தூங்காமல் அழுவாள். அவளுக்காகத்தான் அந்த மிசினைச் சரி செய்து முன் அறையில் பொருத்தினேன். பலகை இடுக்குகளில் எல்லாம் பேப்பரை மடித்துச் சொருகினேன். அந்த வரிசையிலேயே நம் வீட்டில்தான் முதல் ஏர்கோன். அக்கம்பக்கத்தார் வந்து அதன் முன்னால் நின்று முகத்தைக் காட்டிவிட்டுப் போவார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையில் ஒரு வேலையை அரைகுறையாகச் செய்தேன். கிடைத்த பழைய பிளக்கை மாட்டினேன். கம்பி அந்த மிசினுக்குப் போதாத கம்பி. திருகாணியை இறுக்கினேனா என்று இரண்டாம் முறை பார்க்கவில்லை. பிளக் இருந்த இடத்தை மறைத்து அலமாரியைத் தள்ளி வைத்தேன், பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று.

ஒரு மாதம் போயிருக்கும். ஒருநாள் அம்மா சொன்னாள். "என்னங்க, ஏர்கோன் போட்டா மீன் வாடை அடிக்குது."

நான் சிரித்தேன். "ஆத்துக்கு அந்தாண்ட பாசிர் பெனம்பாங்ல கருவாடு காயுது. இங்க மல்லிகப்பூ வாசமா அடிக்கும்?"

"கருவாட்டு வாடை எனக்குத் தெரியாதா? அதுல உப்பு இருக்கும். நாக்குல கூட தெரியும். இதுல உப்பு இல்லைங்க."

உப்பில்லாத மீன் வாடை. இப்போது அந்த வார்த்தையை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது. எந்தப் புத்தகம் படித்து அதைச் சொன்னாள்? எந்த மெக்கானிக் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தான்? தன் மூக்கில் பட்டதை அத்தனை துல்லியமாகப் பிரித்து, இருப்பது எது, இல்லாதது எது என்று எனக்கு எடுத்துக் கொடுத்தாள். நான் அதைக் கேட்டுவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்தேன். அவள் மறுநாள் வீட்டிலிருந்த கருவாட்டையெல்லாம் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். தரையைக் கழுவினாள். திரைத்துணியைத் துவைத்தாள். மிசினின் முன்மூடியை நான் கழற்றிப் பார்த்தேன், பாசி இல்லை. தகடுகளைக் கழுவினேன். "பாரு, சுத்தமா இருக்கு" என்றேன். "வாடை மிசின்லேருந்து வரலங்க. அந்தப் பக்கத்துலேருந்து வருது" என்று அலமாரி இருந்த மூலையைக் கையால் காட்டினாள். நான் அந்த மூலைக்குப் போய் நின்றேன், மூச்சை இழுத்தேன். ஒன்றுமே தெரியவில்லை. எனக்குத் தெரியவில்லை என்பதால் இல்லை என்று முடிவு செய்தேன்.

அதற்கப்புறம் நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. அவளை மோட்டார் சைக்கிளில் உட்கார வைத்து ஒரு கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு முன்னாலேயே டாக்டரிடம், "இல்லாத வாடையெல்லாம் இவளுக்கு அடிக்குது டாக்டர்" என்றேன். அவர் அவளைப் பார்த்து, ராத்திரி தூக்கம் வருகிறதா, யாரோ பேசுவதுபோல் சத்தம் கேட்கிறதா என்று விசாரித்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு "இல்லைங்க, இல்லைங்க" என்றாள். தூங்குவதற்கு ஒரு மாத்திரை கொடுத்தார். திரும்பி வரும்போது அவள் என் தோளைப் பிடிக்கவில்லை. சீட்டுக்குப் பின்னாலிருந்த இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து வாடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டில் அமைதி வந்துவிட்டது, மாத்திரை வேலை செய்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். எவ்வளவு பெரிய ஆபத்து அது என்று எனக்குத் தெரியவில்லை. வாடை நிற்கவில்லை தம்பி. சொல்வதுதான் நின்றது.

சுமார் இரண்டு வாரம் கழித்து, நல்ல வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம். நான் தோட்டத்தில் இருந்தேன். கோமதி முன் அறையில் ஏர்கோன் காற்றில் தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஆற்றுப் பக்கமிருந்து காற்று வீசியதாம், நிஜமான கருவாட்டு வாடை ஊரையே மூடியிருந்ததாம். அப்போது நடந்ததை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். "அந்த மீன் வாடைக்குள்ளேயே இந்த வாடை மட்டும் தனியா நடந்து வந்துச்சுங்க. கூட்டத்துல நம்ம ஆளு முகம் தெரியிற மாதிரி." சோப்புக் கையோடு உள்ளே ஓடினாள். புகை இல்லை, நெருப்பு இல்லை. பிள்ளை நிம்மதியாகத் தூங்குகிறது, மிசின் ஓடுகிறது. வேறு யாராக இருந்தாலும் திரும்பிப் போயிருப்பார்கள். அவள் போகவில்லை. அலமாரியின் பக்கவாட்டில் கை வைத்தாள். அடுப்புக்கல் மாதிரி சுட்டது. கோமதியை வாரி எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடி அவளை வெளியே விட்டுவிட்டு, விளக்குமாற்றுக் கட்டையால் மெயின் சுவிட்சைத் தட்டி இறக்கினாள். அவள் இறக்கிய அதே நேரத்தில் அலமாரிக்குப் பின்னால் குப்பென்று பிடித்துக்கொண்டது. நான் இடுக்குகளில் சொருகி வைத்த பேப்பர் எல்லாம் திரி மாதிரி எரிந்தது. பக்கத்து வீட்டுச் சீனர் ஈரச் சாக்கோடு ஓடி வந்தார். அவரும் அம்மாவும் சேர்ந்து அரை மணி நேரத்தில் அணைத்துவிட்டார்கள். பலகைச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு ஓட்டை. அலமாரியும் அதிலிருந்த அத்தனையும் போயிற்று. உன் பிறப்புப் பத்திரத்தைக் கரையான் தின்றுவிட்டது என்று உனக்குச் சொன்னோமே, அது பொய். அன்றைக்குத்தான் எரிந்தது. பரீட்சை நேரத்தில் உன் மனம் கலங்கக் கூடாது என்று மறைத்தோம். அப்புறம் மறைத்தது என் வெட்கத்துக்காக.

நான் வந்து சேர்ந்தபோது வாசலில் கூட்டம். கரிந்த அலமாரி குப்புறக் கிடந்தது. அம்மா படியில் கோமதியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் முன்னால் போய் நின்றேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்று கூட நினைத்தேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து மெதுவாக, "நான் பொய் சொல்லலங்க" என்றாள். அவ்வளவுதான். வீடு போயிருக்கும், பிள்ளை போயிருக்கும். அந்த நேரத்திலும் அவள் மனதில் இருந்த காயம் அது. தான் நம்பப்படவில்லை என்பது.

உள்ளே போய் அந்தப் பிளக்கை எடுத்தேன். பாதி உருகி, கொப்புளம் கொப்புளமாக இருந்தது. மூக்குக்குப் பக்கத்தில், ஏறக்குறைய மூக்கைத் தொடுகிற மாதிரி வைத்து மூச்சை இழுத்தேன். மீன். சத்தியமாக மீன். கடலையே பார்க்காத ஒரு பொருள், தொழிற்சாலையில் அச்சில் வார்த்த பொருள், சூடு தாங்காமல் மீன் வாடையில் கத்தியிருக்கிறது. உப்பு மட்டும் இல்லை. அவள் சொன்னபடியே. பிறகு ஒரு வயதான எலக்ட்ரிஷியனிடம் கேட்டேன். அந்த ஜாதிப் பிளக்கு சூடேறினால் அப்படித்தான் மணக்கும் என்றார். ஏன் என்று கேட்டேன். "ஏன்னு எனக்குத் தெரியாதுலா. ஆனா அந்த வாடை வந்தா ஓடிப் போய் மெயின எறக்கணும்" என்றார். இந்த ஊரில் எத்தனை வீட்டில் அந்த வாடை வந்து, ஆற்றின் மேல் பழி போட்டுவிட்டுச் சும்மா இருந்திருப்பார்களோ என்று நினைத்தேன். நான் இருந்த மாதிரி.

அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க எனக்குப் பதினைந்து நாள் பிடித்தது. கேட்டபோது அவள், "அந்த டாக்டருகிட்ட போய் சொல்லிட்டு வாங்க" என்றாள். வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. போனேன். வரிசையில் உட்கார்ந்து நம்பர் வாங்கி உள்ளே போய், என் பெண்டாட்டி சொன்னது சரி, வாடை இருந்தது, தவறு என்னுடையது என்று சொன்னேன். அவர் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு எழுந்து கை கொடுத்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சொன்னபோதுதான் அவள் முகம் பழைய முகமாக மாறியது.

அடுத்த வருஷம் நான் தோட்டத்து வேலையை விட்டு ஏர்கோன் வேலையைக் கற்றுக்கொண்டு கடை போட்டது, காசுக்காக என்று நீ நினைத்திருப்பாய். அந்தப் பிளக்கை மோந்து பார்த்த பிறகு எனக்கு வேறு வேலையில் மனம் நிற்கவில்லை. இதுவரை எத்தனையோ வீடுகளில் மிசினைத் திறந்திருக்கிறேன். போனதும் ஸ்குரூ டிரைவரை எடுக்க மாட்டேன். அந்த அறையில் அதிக நேரம் இருப்பவர் யார் என்று கேட்டு, என்ன வாடை, எப்போது வருகிறது, போட்ட உடனேயா, நின்ற பிறகா என்று அவர்களிடமே கேட்பேன். அவர்கள் தங்களுக்குத் தெரிந்த மொழியில் சொல்வார்கள். புளிச்ச மாவு மாதிரி என்பார்கள், நனைந்த கோழி மாதிரி என்பார்கள். ஒருவரும் தப்பாகச் சொன்னதில்லை. ஒருவர் கூட. செகிஞ்சானில் ஒரு வீட்டில் "செத்தது மாதிரி இல்லை, செத்துக் காய்ந்தது மாதிரி" என்று சொன்னார்கள். திறந்தால், காற்றாடிக்கு அடியில் சருகாய்க் காய்ந்த ஒரு பல்லி. மனிதனுக்குள் இப்படி ஒரு கருவியை வைத்துப் படைத்தவனை நான் அந்த வீட்டிலேயே கையெடுத்துக் கும்பிட்டேன்.

இன்னொரு வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். தஞ்சோங் காராங்கில், பெரிய வாய்க்காலை ஒட்டிய ஒரு மலாய்க்கார வீடு. ஆசிரியர் வேலை பார்க்கிற மகன் கடைக்கு வந்து கூப்பிட்டார். அம்மாவின் அறையில் ஏர்கோன் போட்டால் பழைய சிகரெட் நாற்றம் வருகிறது, வீட்டில் இப்போது சிகரெட் பிடிப்பவர் யாருமில்லை, பிள்ளைகள் உள்ளே போக மாட்டேன் என்கிறார்கள் என்றார். போனேன். அறுவடை முடிந்து வைக்கோல் எரிக்கிற காலம், வழியெல்லாம் புகை. அந்தப் புகைதான் உள்ளே போயிருக்கும் என்று நினைத்தேன். ஆனால் வழக்கப்படி, கட்டிலில் உட்கார்ந்திருந்த அந்த மக்சிக்கிடம், மகனுடைய வயதான அம்மாவிடம், என்ன வாடை என்று கேட்டேன். அவர் வாசலில் நின்ற மகனைப் பார்த்தார். மகன் வெளியே போனதும் மலாயில் மெதுவாகச் சொன்னார். "கிராம்பு சிகரெட். என் வீட்டுக்காரர் பிடிப்பது. இந்த அறையில்தான் பிடிப்பார். அவர் போய் எட்டு மாதம் ஆகிறது."

முன்மூடியைக் கழற்றினேன். தூசி பிடிக்கிற ஸ்பாஞ்ச் தேத்தண்ணீர் நிறத்தில் இருந்தது. எட்டு மாதமாக ஒரு மனிதர் விட்ட மூச்சு அதில் இருந்திருக்கிறது. ஒவ்வொரு நாளும் மிசினைப் போடும்போது கொஞ்சம் கொஞ்சமாக அந்த அறைக்குள் திரும்பி வந்திருக்கிறது. பேரப்பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிய அதே காற்றில் அந்த அம்மா தினமும் உட்கார்ந்திருக்கிறார். என்னைக் கூப்பிட வேண்டாம் என்று மகனிடம் சொல்லவும் அவருக்கு வெட்கம். நான் அந்த ஸ்பாஞ்சைக் குப்பைப் பைக்குள் போடப் போனேன். "ஜாங்கான் புவாங்" என்றார். வீசாதே என்று அர்த்தம். கையை நீட்டினார். நான் அதைப் பேப்பரில் சுற்றி அவர் கையில் கொடுத்தேன். புது ஸ்பாஞ்ச் போட்டேன், தகடுகளைக் கழுவினேன், மகன் வந்து பார்த்து நாற்றம் போய்விட்டது என்று சந்தோஷப்பட்டார். மோட்டார் சைக்கிளில் திரும்பி வரும்போது, நாற்றம் என்று நாம் சொல்கிற வார்த்தை எவ்வளவு சின்னது என்று தோன்றியது. எனக்கு நாறுகிறது என்றால், இன்னொருவருக்கு அங்கே என்ன இருக்கிறது என்று கேட்காமல் எதையும் கழுவக் கூடாது.

இனி உன் வீட்டுக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குக் கதவைத் தட்டினேன். தனலெட்சுமி என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டாள், அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று. நான் ஒன்றுமில்லை, ஏர்கோன் பார்க்க வந்தேன் என்றேன். அவள் முகம் மாறியது. "அவரு அனுப்புனாரா மாமா?" என்று கேட்டாள். நான் பொய் சொல்லவில்லை. இல்லம்மா, நானாகத்தான் வந்தேன் என்றேன். கதவுக்குப் பின்னால் ஒரு துணிப்பை, உடுப்புகளை அடைத்து ஜிப் இழுத்து, அதன்மேல் ஒரு குடையும் வைத்திருந்தது. அதை நான் பார்த்ததாக அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை. உன்னிடம் சொல்கிறேன். அதை நகர்த்தி மறைக்க அவள் முயலவும் இல்லை. மறைக்கிற அளவுக்குக் கூட உன்மேல் அவளுக்கு அப்போது எதிர்பார்ப்பு இருந்ததாகத் தெரியவில்லை.

"என்ன வாடைம்மா? மொதல்லேருந்து சொல்லு" என்றேன்.

"கக்கூஸ் வாடை மாமா. ஆனா எப்பவும் வராது."

"எப்ப வரும்?"

அவள் எழுந்து போய்ச் சுவரிலிருந்த நாட்காட்டியை எடுத்து வந்தாள். உன் சாப்பாட்டு மேசைக்கு நேர் எதிரே தொங்குகிறதே, அதேதான். "மழ பேஞ்ச நாளெல்லாம் வட்டம் போட்டிருக்கேன். வாடை வந்த நாளுக்கு உள்ளுக்குப் புள்ளி வச்சிருக்கேன்" என்றாள். இரண்டு மாதம். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். வட்டம் இல்லாத ஒரு நாளில் கூடப் புள்ளி இல்லை. "தூறல்னா வராது. பெருமழ பேஞ்சு, பின்னால லோங்காங் சாக்கடையில தண்ணி நெறஞ்சதும் அரை மணி நேரத்துல வரும். நான் கெட்டிக்காரி இல்ல மாமா. ஆனா மசக்கைன்னா வெயில் நாள்லயும் நாறணுமில்ல?"

தம்பி, எனக்குத் தெரிந்த எந்த மெக்கானிக்கும் இப்படிக் கண்டுபிடித்திருக்க மாட்டான். நானும்தான். அவள் சொல்லி முடித்தபோது எனக்கு மிசினைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. நேராகப் பின்பக்கம் போனேன். உனக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தவர்கள், ஏர்கோன் தண்ணீர் பின் வீட்டுக்காரர் பக்கம் சொட்டக் கூடாது என்று ஒரு ரப்பர் குழாயை மாட்டி, அதன் மறுமுனையைக் கக்கூஸ் குழியிலிருந்து காற்றுப் போக வைத்திருக்கும் குழாய்க்குள் சொருகிவிட்டிருக்கிறார்கள். பெருமழையில் லோங்காங் நிறைந்தால் குழியிலும் தண்ணீர் ஏறும். அங்கே அடைந்து கிடக்கிற காற்று ரப்பர் குழாய் வழியாக ஏறி மிசினின் அடித்தட்டுக்கு வரும். காற்றாடி அதை இழுத்து உன் அறைக்குள் விடும். அவ்வளவுதான் விஷயம். குழாயை உருவினேன், குட்டையாக வெட்டி லோங்காங்குக்கு மேலே எட்டி நிற்கிற மாதிரி கட்டினேன். பத்து நிமிஷ வேலை. இரண்டு மாதமாக அந்தப் பிள்ளை வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு அந்தக் காற்றைச் சுவாசித்திருக்கிறாள். இரண்டு மாதமாக விடையைச் சுவரில் மாட்டி வைத்திருந்திருக்கிறாள். அதை எடுத்துப் படிக்க ஒருவர் வேண்டியிருந்தது.

நீ கெட்டவன் இல்லை. நானும் இல்லை. நாம் இருவரும் நம் மூக்கை அளவுக்கு மீறி நம்பினவர்கள். நான் உன் அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போனேன். நீ எங்களுக்குக் கடிதம் எழுதினாய். இரண்டும் ஒன்றுதான். தனலெட்சுமியிடம் நீ என்ன சொல்ல வேண்டும் என்று நான் எழுதித் தரப் போவதில்லை. எனக்குப் பதினைந்து நாள் ஆனது. நீ என்னைவிடப் படித்தவன், உனக்கு அவ்வளவு நாள் ஆகாது.

வேலை முடிந்ததும் கிளம்பியிருப்பேன். ஆனால் பன்னிரண்டரைக்கு வானம் கறுத்துக்கொண்டு வந்தது. "இருந்து பாத்துட்டுப் போங்க மாமா" என்றாள் தனலெட்சுமி. கொட்டித் தீர்த்தது. கூரைத் தகரத்துச் சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை. பின்னால் லோங்காங் நிரம்பி வழிந்தது. நாங்கள் ஏர்கோனைப் போட்டுவிட்டு அதற்கு எதிரே இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தோம், ஏதோ பெரிய மனிதர் வரப்போகிற மாதிரி. மழை விட்டது. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து நிமிஷம், இருபது நிமிஷம். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு வேறு கருவி இல்லை. அரை மணி நேரம் தாண்டியது. அவள் கண்ணை மூடி, மூச்சை நீளமாக இழுத்தாள். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அப்படி ஒரு மூச்சை இழுத்திருக்க மாட்டாள் என்று தோன்றியது. பிறகு கண்ணைத் திறந்து சிரித்தாள்.

"ஒண்ணும் இல்ல மாமா. மண்ணு நனைஞ்ச வாசம் மட்டும்தான் வருது."

எனக்கு அதுவும் தெரியவில்லை தம்பி. அவள் சொன்னாள், நான் நம்பினேன்.

உன் அப்பா